தானுந்துகளில் வானூர்திப் பெட்ரோல்

வானூர்திப் பெட்ரோல் என்பது பிஸ்டன் பொறியும் விசிறியும் கொண்ட சிறு வானூர்திகளுக்காகத் தயாரிக்கப்படும் உயர் ஆக்டேன் எரிபொருள் ஆகும். பேச்சு வழக்கில் இது விமானப் பெட்ரோல், ஏவ்கேஸ் என்றும் வழங்கப்படுகிறது. இதனையோ பந்தய வண்டிகளுக்கான உயர் ஆக்டேன் பெட்ரோலையோ சாதாரணத் தானுந்தில் நிரப்பினால் வண்டியின் இழுவையும் வேகமும் கூடும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் நெடுங்காலமாக உள்ளது. உண்மையில், குறைந்த ஆக்டேனுக்கென வடிவமைக்கப்பட்ட பொறியில் இதனால் குறிப்பிடத்தக்க திறன் எதுவும் கூடுவதில்லை. மாறாக, இன்று மிகுதியும் பயன்படும் 100 எல்எல் என்ற வகையில் ஈயம் கலந்திருப்பதால், வினையூக்கி மாற்றி பொருத்திய வண்டிகளுக்கு அது கேடு விளைவிக்கிறது. புகைக்குழாய் வழியே வெளியேறும் ஈயம் மனிதர்களுக்கு நஞ்சாகிறது.

தமிழ்நாட்டில் இப்பொருளை விளக்க ஓசூர் வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டாகும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையில், கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்கு எதிரே ஜூஜுவாடி அமைந்துள்ளது. அங்கிருந்து ஓசூர் நகர் வரை பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டித் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. ஓசூருக்குத் தெற்கே தளி சாலையில் பெலகொண்டப்பள்ளியில் தனியார் வானூர்தித் தளம் ஒன்று உள்ளது. 1982 முதல் பந்தயங்களில் ஈடுபட்டு வரும் டிவிஎஸ் நிறுவனத்தின் இருசக்கர வண்டித் தொழிற்சாலையும் ஓசூரிலேயே உள்ளது. ஆக, வானூர்தி, பந்தய வண்டி, சாதாரண வண்டி ஆகிய மூன்றும் ஒரே வட்டாரத்தில் காணக்கூடியவை. இவை மூன்றுக்கும் வேண்டிய எரிபொருள் ஏன் வேறுவேறாக உள்ளது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரு வேறு எரிபொருள்கள்

வானூர்தி எரிபொருள் என்ற பெயரில் முற்றிலும் வேறுபட்ட இரண்டு நீர்மங்கள் உள்ளன. இவற்றைப் பிரித்தறியாததே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

முதலாவது, பயணிகள் செல்லும் பெரிய வானூர்திகளின் தாரைப் பொறிகளில் எரியும் சுழலி எரிபொருள். செய்தித்தாள்களில் விலையேற்றம், வரி பற்றிய செய்திகளில் விமான எரிபொருள் என்று குறிப்பிடப்படுவது பெரும்பாலும் இதுவே. இது நன்கு தூய்மையாக்கப்பட்ட மண்ணெண்ணெய் ஆகும். தாரைப் பொறியில் எரிதல் இடைவிடாமல் நடைபெறுவதால் அதற்கு ஆக்டேன் எண் பற்றிய கவலையே இல்லை. இதனைப் பெட்ரோல் தானுந்தில் ஊற்றினால் திறன் கூடுவது ஒருபுறமிருக்க, வண்டி ஒழுங்காக ஓடவே ஓடாது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அதன் ஆக்டேன் எண்ணும் மிகக் குறைவு. எரியாத மண்ணெண்ணெய் உருளையின் சுவர் வழியே வழிந்து உயவு எண்ணெயுடன் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும்.

இரண்டாவதே வானூர்திப் பெட்ரோல். பயிற்சி வானூர்திகள், நான்கு முதல் ஆறு பேர் செல்லும் சிறு வானூர்திகள் ஆகியவற்றில் இது பயன்படுகிறது. தவறான எரிபொருளை நிரப்பினால் உயிருக்கே ஆபத்து என்பதால் இதன் வகைகளுக்குத் தனித்தனி நிறம் ஊட்டப்படுகிறது. பழைய 80/87 வகை சிவப்பு, 100/130 வகை பச்சை, இன்றைய 100 எல்எல் வகை நீலம். தாரைப் பொறி எரிபொருளுக்கு நிறமூட்டுவதில்லை.

தமிழ்நாட்டு வாசகர் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். நியாயவிலைக் கடைகளில் வழங்கப்படும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியாவில் நீல நிறமே ஊட்டப்படுகிறது. அது கலப்படத்தைக் கண்டறிவதற்கான ஏற்பாடு. எனவே நீல நிறத்தில் ஒரு நீர்மத்தைக் காட்டி விமானப் பெட்ரோல் என்று எவரேனும் விற்க முன்வந்தால், அது விமானப் பெட்ரோலாக இருப்பதைவிட மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

ஆக்டேன் எண் எதைக் குறிக்கிறது

பெட்ரோல் பொறியில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை முதலில் அமுக்கப்பட்டு, பின்னர் ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறியால் பற்றவைக்கப்படுகிறது. தீச்சுவாலை பிளக்கிலிருந்து தொடங்கி உருளை முழுவதும் சீராகப் பரவ வேண்டும். அமுக்கமும் வெப்பமும் மிகும்போது, சுவாலை வந்து சேருமுன்பே மூலையில் எஞ்சியுள்ள கலவை தானாக வெடித்துவிடுவதுண்டு. இதனால் உலோகத்தைச் சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழும். இதற்குத் தட்டல் என்று பெயர். பட்டறைகளில் இதனை நாக்கிங் என்பர். மேட்டில் உயர் கியரில் வண்டியை இழுக்கவிடும்போது கேட்கும் கலகலவென்ற ஒலி இதுவே. தட்டல் நீடித்தால் பிஸ்டனின் தலை அரிக்கப்படும், துளை விழுவதும் உண்டு.

இத்தட்டலை எரிபொருள் எந்த அளவிற்கு எதிர்த்து நிற்கிறது என்பதன் அளவீடே ஆக்டேன் எண். எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0 என்றும், எளிதில் தட்டாத ஐசோ-ஆக்டேனுக்கு 100 என்றும் வைத்து, ஆய்வுப் பொறியில் இவ்விரண்டின் கலவையோடு ஒப்பிட்டு இவ்வெண் கணிக்கப்படுகிறது. ஆகவே இது எரிபொருளில் உள்ள ஆற்றலின் அளவன்று. பொறுமையின் அளவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அளவிடும் முறைகளும் பல. ஆய்வு முறையில் பொறி நிமிடத்திற்கு 600 சுற்றில் இயக்கப்படுகிறது. மோட்டார் முறையில் கலவையைச் சூடாக்கி 900 சுற்றில் இயக்குகின்றனர். பின்னது கடுமையான சோதனை என்பதால், ஒரே பெட்ரோலுக்கு மோட்டார் முறை எண் பொதுவாக 8 முதல் 10 வரை குறைவாக வரும். இந்திய நிலையங்களில் 91, 95, 100 என்று குறிப்பிடப்படுவது ஆய்வு முறை எண். வானூர்திப் பெட்ரோலின் 100 என்பதோ மோட்டார் முறையை ஒட்டியது. மோட்டார் முறையில் அதன் எண் குறைந்தது 99.6 இருத்தல் வேண்டும். பழைய 100/130 என்ற பெயரில் உள்ள இரண்டாவது எண், எரிபொருள் மிகுந்த கலவையை மிகையழுத்தத்தில் எரிக்கும்போது கிடைக்கும் மதிப்பைக் குறிக்கும். எனவே நிலையத்தில் விற்கும் 100 ஆக்டேன் பெட்ரோலும் 100 எல்எல் வானூர்திப் பெட்ரோலும் ஒன்று என்று எண்ணுவது தவறு.

ஆக்டேன் உயர்ந்தால் திறன் உயருமா

தட்டாத எரிபொருள் கிடைத்தால் பொறியாளர் அமுக்க விகிதத்தை உயர்த்தலாம், அல்லது டர்போ கொண்டு கூடுதல் காற்றைத் திணிக்கலாம். திறன் கூடுவது இம்மாற்றங்களால்தான். பொறியை மாற்றாமல் எரிபொருளை மட்டும் மாற்றினால், பொறி கேட்காத பொறுமையை அதற்கு வாங்கிக் கொடுத்ததாகவே முடியும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. 2025-இல் இந்தியாவில் பெட்ரோலுடன் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கு எட்டப்பட்டது. எத்தனாலின் ஆக்டேன் எண் 100-ஐ விட உயர்ந்தது. அதனால் கலவையின் ஆக்டேன் எண்ணும் உயர்கிறது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. அதனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு 6 முதல் 7 விழுக்காடு ஆற்றல் குறைகிறது. ஆக்டேன் எண் மேலே செல்ல, ஆற்றல் கீழே இறங்குகிறது. வானூர்திப் பெட்ரோலும் இதற்கு விலக்கன்று. கிலோவிற்கு அதன் ஆற்றல் சிறிது அதிகம் எனினும் அடர்த்தி குறைவு. எனவே லிட்டர் கணக்கில் சாதாரணப் பெட்ரோலை விடச் சற்றுக் குறைந்த ஆற்றலே கிடைக்கிறது.

இன்றைய தானுந்துகள் பலவற்றில் தட்டலை உணரும் கருவி உண்டு. தட்டல் தொடங்கினால் கட்டுப்பாட்டுக் கணினி தீப்பொறியின் நேரத்தைச் சிறிது பின்தள்ளும். உயர் அமுக்க விகிதமோ டர்போவோ கொண்டு, 95-க்கு மேற்பட்ட ஆக்டேன் வேண்டும் என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டுள்ள வண்டியில் 91 ஆக்டேன் பெட்ரோலை நிரப்பினால் இவ்வாறு திறன் குறையும். உரிய பெட்ரோலை நிரப்பினால் இழந்த திறன் மீளும். உயர் ஆக்டேன் பெட்ரோலால் பயன் கண்டதாகச் சொல்லப்படுபவற்றுள் உண்மையானவை பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. கையேட்டில் 91 என்று போட்டிருக்கும் சிறு தானுந்துக்கு இது பொருந்தாது.

ஓசூரின் உயரமும் இங்குக் கணக்கில் வருகிறது. இந்நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரத்தில் காற்றழுத்தம் சென்னையை விட ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத பொறி அதே அளவிற்குக் குறைந்த காற்றையே உள்ளிழுக்கும். அமுக்கத்தின் முடிவில் அழுத்தமும் குறைவாகவே இருக்கும். அதனால் தட்டலும் குறையும். சென்னையில் 91 ஆக்டேனில் தட்டாமல் ஓடும் வண்டி ஜூஜுவாடியில் அதனினும் குறைந்த ஆக்டேனிலும் ஓடக்கூடும். அமெரிக்காவின் மலை மாநிலங்களில் சமவெளியை விடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் விற்கப்பட்டு வருவதற்கு இதுவே அடிப்படை. மேட்டு நிலத்தில் வண்டி மந்தமாவதற்குக் காரணம் காற்றுக் குறைவு, ஆக்டேன் குறைவன்று. உயர் ஆக்டேன் பெட்ரோல் அந்தக் காற்றைக் கொண்டுவந்து தராது. டர்போ பொறிகள் காற்றைத் தாமே அமுக்கி இவ்விழப்பைப் பெரிதும் ஈடுசெய்துகொள்வதால் அவற்றுக்கு இக்கணக்கு மாறும்.

வரலாறு

உயர் ஆக்டேன் வானூர்திப் பெட்ரோல் போருக்காக வளர்ந்தது. 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் ஈயத்தைச் சிறிதளவு கலந்தால் பெட்ரோலின் தட்டல் அடங்குவதைக் கண்டறிந்தார். 1923-இல் இது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நியூ ஜெர்சியில் இதனைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் ஈய நஞ்சேறி உயிரிழந்தனர். எனினும் விற்பனை தொடர்ந்தது. 1930-களில் ஷெல் நிறுவனத்தில் பணியாற்றிய வானோடி ஜிம்மி டூலிட்டில், 100 ஆக்டேன் பெட்ரோலைப் பெருமளவில் தயாரிக்க வேண்டும் என்று வற்புறுத்தி வந்தார்.

1940-இல் பிரித்தானியப் போர் வானூர்திகள் 87 ஆக்டேனிலிருந்து 100 ஆக்டேனுக்கு மாறின. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் ஆகியவற்றின் மெர்லின் பொறி அதனால் கூடுதல் திறன் பெற்றது என்பது பலரும் அறிந்த செய்தி. அதன் மறுபாதி அவ்வளவாக அறியப்படவில்லை. மிகையழுத்தியின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்திற்கு 6 பவுண்டிலிருந்து 12 பவுண்டாக உயர்த்த வானோடிகளுக்கு அனுமதி தரப்பட்டது. அதற்கேற்பப் பொறியின் அமைப்புகளும் மாற்றப்பட்டன. புதிய பெட்ரோல் அந்த அழுத்தத்தைத் தாங்கியது, அவ்வளவே. விமானப் பெட்ரோலுக்கு ஏற்பட்ட புகழுக்கு இந்தப் போர்க்காலக் கதைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

போருக்குப் பின் தானுந்துப் பந்தயங்களில் இவ்வெரிபொருள் நுழைந்தது. பார்முலா 1 பந்தயங்களில் அதுவரை மெத்தனால் கலவைகள் எரிக்கப்பட்டு வந்தன. 1958 முதல் வானூர்திப் பெட்ரோலையே பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்தது. அப்போது பந்தயத் தானுந்துகளின் திறன் கூடவில்லை, குறைந்தது. மெத்தனால் ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றை மிகவும் குளிர்விக்கும். அதே காற்றுக்கு அதிக அளவில் மெத்தனாலை எரிக்கவும் இயலும். வான்வால் போன்ற அணிகள் தம் பொறிகளைப் புதிய எரிபொருளுக்கேற்ப மாற்றியமைக்க நேர்ந்தது. அவ்வாண்டு முதன்முதலாக வழங்கப்பட்ட தயாரிப்பாளர் பட்டத்தை வான்வால் அணியே வென்றது. 1961-இல் பார்முலா 1 பந்தயம் நிலையங்களில் விற்கும் பெட்ரோலுக்கு மாறியது.

தமிழ்நாட்டில் வானூர்திக்கும் பந்தயத்திற்கும் இருந்த தொடர்பு எரிபொருளை விட ஓடுபாதை வழியாக வந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் தன் பந்தயங்களை நெடுங்காலம் நடத்திய சோழவரம், இரண்டாம் உலகப் போர்க்கால வானூர்தித் தளமாகும். 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமைந்தது.

ஈயம்

100 எல்எல் என்பதில் எல்எல் குறைந்த ஈயம் என்பதைக் குறிக்கும். முந்தைய 100/130 வகையை விடக் குறைவு என்பதே இதன் பொருள். தானுந்துப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் இப்பெயர் ஏமாற்றும். 100 எல்எல் வகையில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். இந்தியாவின் ஈயமற்ற பெட்ரோலுக்கான உச்ச வரம்பு லிட்டருக்கு 0.005 கிராம். அதாவது நூறு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. 40 லிட்டர் தொட்டியை ஒருமுறை நிரப்பினால் 22 கிராம் வரை ஈயம் பொறிக்குள் சென்று வெளியேறும்.

எரியும்போது உருவாகும் ஈய ஆக்சைடு பொறியிலேயே படியாமல் இருக்க எத்திலீன் டைபுரோமைடு என்ற பொருளும் சேர்க்கப்படுகிறது. இது ஈயத்தை ஆவியாகக்கூடிய ஈய புரோமைடாக மாற்றிப் புகையோடு வெளியே அனுப்புகிறது. பொறியைக் காக்கும் இந்த ஏற்பாடு ஈயத்தைத் தெருவில் கொண்டு சேர்க்கிறது.

தானுந்தில் முதலில் பாதிக்கப்படுவது புகைக்குழாயில் உள்ள ஆக்சிசன் உணரி. எரிபொருளும் காற்றும் சரியான விகிதத்தில் கலக்கின்றனவா என்று கணினிக்குச் சொல்வது இதுவே. இதன்மேல் ஈயம் படிந்தால் தவறான செய்தி செல்லும். பெட்ரோல் செலவு கூடும். அடுத்து வினையூக்கி மாற்றி. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலைமிக்க உலோகங்கள் மெல்லிய படலமாகப் பூசப்பட்ட தேன்கூடு போன்ற அமைப்பு அதனுள் உள்ளது. ஈயம் அப்பரப்பை மூடி அதன் வினையை நிறுத்திவிடுகிறது. ஒரு தொட்டிப் பெட்ரோலால் அது முற்றிலும் கெட்டுவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் படிந்த ஈயத்தை முழுமையாக நீக்க எளிய வழியும் இல்லை. கேடு சேர்ந்துகொண்டே போகும். பின்னர் கார்பன் மோனாக்சைடும் நைட்ரசன் ஆக்சைடுகளும் தடையின்றி வெளியேறும். புதிய மாற்றியின் விலையோ அதிகம்.

ஸ்பார்க் பிளக்கிலும் ஈயம் சிறு மணிகளாகப் படிந்து தீப்பொறியைத் தடுக்கும். சிறு வானூர்திகளில் பிளக்குகளைக் கழற்றித் துப்புரவாக்குவது வழக்கமான பராமரிப்பு வேலைகளுள் ஒன்று.

வினையூக்கி மாற்றி இல்லாத பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்றவற்றின் நிலை வேறு. ஈயம் கலந்த பெட்ரோல் விற்கப்பட்ட காலத்தில் உருவான பொறிகள் இவை. அப்பொறிகளில் ஈயம் அடைப்பிதழ் இருக்கைகளுக்கு ஒருவகைக் காப்பாகவும் இருந்தது. எனவே இவ்வண்டிகளுக்கு வானூர்திப் பெட்ரோலால் உடனடிக் கேடில்லை. ஆனால் குறைந்த அமுக்க விகிதம் கொண்ட இப்பொறிகளுக்கு 100 ஆக்டேன் சிறிதும் தேவையில்லை. மேலும் வானூர்திப் பெட்ரோல் மெதுவாகவே ஆவியாகும் வகையில் தயாரிக்கப்படுகிறது. உயரே காற்றழுத்தம் குறைந்த இடத்தில் குழாய்க்குள் ஆவி அடைத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக அவ்வாறு செய்யப்படுகிறது. இதனால் மார்கழிக் காலையில் ஓசூரில் கார்புரேட்டர் வண்டியைக் கிளப்புவது கடினமாகலாம்.

பொறியை விட மனிதருக்கு நேரும் கேடு பெரிது. டெட்ரா எத்தில் ஈயம் தோல் வழியாகவே உடலுக்குள் ஊடுருவக் கூடியது. பட்டறைகளில் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கக் கைகளையும் உதிரிப் பாகங்களையும் பெட்ரோலில் கழுவும் வழக்கம் பரவலாக உள்ளது. சாதாரணப் பெட்ரோலிலேயே இது தவிர்க்க வேண்டிய பழக்கம். ஈயம் கலந்த பெட்ரோலில் மிகவும் ஆபத்தானது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது. பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இரத்தத்தில் இல்லை என்பது உலக நல நிறுவனத்தின் நிலைப்பாடு.

இந்தியாவில் ஈய நீக்கம்

இந்தியாவில் 1994-இல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் ஈய அளவு லிட்டருக்கு 0.15 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1995 ஏப்ரல் 1 முதல் அந்நகரங்களில் பதிவாகும் புதிய பெட்ரோல் தானுந்துகளுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது; அவற்றுக்காக ஈயமற்ற பெட்ரோலும் விற்பனைக்கு வந்தது. அக்காலத்தில் வெளியூர் செல்லும் தானுந்து உரிமையாளர்கள் வழியில் ஈயமற்ற பெட்ரோல் கிடைக்கும் நிலையங்களைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் கலந்த தானுந்துப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது.

இம்மாற்றத்தோடு ஓசூர் வட்டாரத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. ஓசூரை அடுத்த பாலிகானப்பள்ளியில் 1997-இல் சாந்தி பவன் உறைவிடப் பள்ளியைத் தொடங்கிய ஜார்ஜ் அறக்கட்டளை, 1990-களின் இறுதியில் சென்னை, பெங்களூர் உள்ளிட்ட இந்திய நகரங்களில் மக்களின் இரத்தத்தில் உள்ள ஈய அளவை ஆராய்ந்தது. சோதிக்கப்பட்ட 12 வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் பாதிக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மிகுதியான ஈயம் இருந்தது. 1999 பிப்ரவரியில் பெங்களூரில் ஈய நஞ்சு குறித்த பன்னாட்டு மாநாட்டையும் அவ்வறக்கட்டளை நடத்தியது. ஓராண்டிற்குள் நாடு தழுவிய தடை நடைமுறைக்கு வந்தது. நிலையங்களில் ஈயம் கலந்த பெட்ரோலை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல் அதனை நிறுத்தியது. அதற்குப் பிறகு ஈயம் கலந்த பெட்ரோல் பெருமளவில் எஞ்சியிருப்பது வானூர்திகளில்தான்.

பெலகொண்டப்பள்ளி: மறுதிசையில் ஒரு சான்று

பெலகொண்டப்பள்ளியில் தளம் அமைத்த தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம், இத்தாலிய உரிமத்தின்கீழ் பி68சி என்ற ஆறு இருக்கை வானூர்தியை 1990-களில் உருவாக்கியது. இதன் இறக்கைகளில் 200 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் பொறிகள் இரண்டு உள்ளன. இவை 100 ஆக்டேன் வானூர்திப் பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டவை.

பெங்களூரில் உள்ள தேசிய வானூர்தியியல் ஆய்வகம் வடிவமைத்த இரு இருக்கைப் பயிற்சி வானூர்தியான ஹன்சா-3, 2000-ஆம் ஆண்டில் தகுதிச் சான்று பெற்றது. இவ்வானூர்திகளையும் பறக்கும் கழகங்களுக்காகத் தனேஜா நிறுவனம் கட்டித் தந்தது. இதில் உள்ள ரோட்டாக்ஸ் 914 பொறி, உரிய ஆக்டேன் கொண்ட ஈயமற்ற தானுந்துப் பெட்ரோலிலேயே ஓடும் வகையைச் சேர்ந்தது. வானூர்திப் பெட்ரோலிலும் இது ஓடும். ஆனால் அவ்வாறு ஓட்டினால் ஈயப் படிவு சேர்வதால், உயவு எண்ணெயைக் குறுகிய இடைவெளிகளில் மாற்ற வேண்டும் என்று பொறியைத் தயாரிக்கும் நிறுவனமே அறிவுறுத்துகிறது. விமானப் பெட்ரோல் எப்பொறிக்கும் உயர்ந்தது என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம். வானில் பறக்கும் பொறிகளுள்ளும் அதனை விரும்பாதவை உண்டு.

இதற்காகத் தானுந்துப் பெட்ரோலை எல்லா வானூர்திகளுக்கும் ஊற்றலாம் என்று கொள்ளக்கூடாது. எத்தனால் நீரை ஈர்க்கும். சில வகை ரப்பர் வளையங்களையும் தொட்டிப் பூச்சுகளையும் கெடுக்கும். அனுமதி பெறாத எரிபொருளோடு பறப்பது விதிகளுக்குப் புறம்பானது.

வானூர்திப் பெட்ரோலை இந்தியா நெடுங்காலம் வெளிநாடுகளிலிருந்தே வாங்கி வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனம் வடோதராவில் உள்ள தன் குஜராத் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்த 100 எல்எல் பெட்ரோல் 2022 செப்டம்பரில் அறிமுகமானது. அமெரிக்காவில் 2030-க்குள் ஈயம் கலந்த வானூர்திப் பெட்ரோலைக் கைவிடும் திட்டம் உள்ளது. ஈயமற்ற 100 ஆக்டேன் மாற்று ஒன்றுக்கு அந்நாட்டு வானூர்தி நிருவாகம் 2022-இல் ஒப்புதல் அளித்தது.

நிலையங்களில் கிடைக்கும் உயர் ஆக்டேன் பெட்ரோல்

உயர் ஆக்டேன் உண்மையிலேயே வேண்டிய வண்டிகளுக்கு வானூர்தித் தளத்தை நாட வேண்டியதில்லை. இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பர் 1 அன்று எக்ஸ்பி 100 என்ற 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகம் செய்தது. முதலில் வட, மேற்கு இந்திய நகரங்கள் பத்தில் விற்பனைக்கு வந்த இது, பின்னர் சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களுக்கு விரிவுபடுத்தப்பட்டது. மதுரா ஆலையில் தயாரிக்கப்படும் இதில் ஈயம் இல்லை என்பதால் வினையூக்கி மாற்றிக்குக் கேடில்லை. 95 ஆக்டேன் பெட்ரோல் பரவலாகவே கிடைக்கிறது. தேவையற்ற வண்டியில் இவற்றை நிரப்புவதால் கெடுவது பணப்பை மட்டுமே.

பந்தயத்திற்கென்றே தனியாகக் கலக்கப்படும் எரிபொருள்கள் வேறு. அவற்றுள் சிலவற்றில் மெத்தனால் இருக்கும். மெத்தனால் அலுமினியத்தையும் ரப்பரையும் அரிக்கும்; அதற்கெனப் பெரிய துளை கொண்ட எரிபொருள் அமைப்பும் வேண்டும். சாதாரணத் தானுந்தில் ஊற்றினால் எரிபொருள் பற்றாத கலவை உருவாகிப் பொறி மிகையாகச் சூடேறும். அதன் நச்சுத்தன்மையைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த சாராயத்தில் கலந்திருந்தது இதுவே.

சட்டம்

வானூர்திப் பெட்ரோல் சாலையோர நிலையங்களில் விற்கப்படுவதில்லை. பெட்ரோல், டீசல் வழங்கலையும் கலப்படத்தையும் பற்றி, இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின்கீழ் 2005-இல் நடுவண் அரசு பிறப்பித்த ஆணை, நிர்ணயித்த தரத்திற்குப் புறம்பான பொருளைப் பெட்ரோலில் கலப்பதைக் குற்றமாக்குகிறது. நாப்தா, கரைப்பான்கள் ஆகியவற்றைத் தானுந்துகளில் பயன்படுத்துவதைத் தடுக்க 2000-இலேயே தனி ஆணைகள் வந்தன. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, எளிதில் தீப்பற்றும் முதல் வகுப்புப் பெட்ரோலியத்தை விற்பனை நோக்கின்றி 30 லிட்டர் வரை, உரிய கலன்களில் மட்டுமே உரிமமின்றி வைத்திருக்கலாம்.

இருமாநில எல்லையான ஜூஜுவாடியில் சட்டப்படியான பெட்ரோலுக்கே இரண்டு விலை உண்டு. பெட்ரோல் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் கொண்டுவரப்படாததால் இரு மாநிலங்களும் தத்தம் விற்பனை வரியை விதிக்கின்றன. எந்தப் பக்கம் மலிவு என்பது வரி மாறும்போது மாறும். எல்லையின் இருபுறமும் பெட்ரோலின் தரம் மட்டும் ஒன்றே. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 2796 என்ற தரக்குறியீடும் அதையொட்டிய எத்தனால் கலவைக்கான தரங்களும் நாடு முழுவதற்கும் பொதுவானவை.

தவறுதலாக நிரப்பப்பட்டால்

பெட்ரோல் தானுந்தில் தாரைப் பொறி எரிபொருளோ மண்ணெண்ணெயோ நிரப்பப்பட்டதை அறிந்தால் வண்டியைக் கிளப்பக்கூடாது. சாவியைத் திருப்பினாலே பல வண்டிகளில் எரிபொருள் பம்பு இயங்கத் தொடங்கிவிடும். தொட்டியை முழுவதும் வடித்த பின்னரே இயக்க வேண்டும். டீசல் வண்டியில் இவ்வெரிபொருள் எரியும். ஆனால் டீசலுக்குள்ள உயவுத்தன்மை இதற்கு இல்லாததால் உயரழுத்தப் பம்பு தேயும். டீசல் வண்டிகளிலும் தாரைப் பொறி எரிபொருளையே எரிக்கும் படைகள், உயவு தரும் சேர்க்கைப் பொருள் கலந்த வகையைப் பயன்படுத்துகின்றன.

வானூர்திப் பெட்ரோல் நிரம்பிவிட்டால் பொறி வழக்கம்போலவே ஓடும். ஓட்டுபவருக்கு எவ்வித வேறுபாடும் தெரியாது என்பதே இதில் உள்ள இடர். வினையூக்கி மாற்றி உள்ள வண்டியானால் இங்கும் தொட்டியை வடித்துவிடுவதே நல்லது. வடித்த பெட்ரோலைக் கை கழுவவோ பாகங்களைத் துடைக்கவோ பயன்படுத்தாமல், மூடிய உலோகக் கலனில் சேர்த்துத் தீங்குதரும் கழிவுகளைக் கையாளும் உரிமம் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும். சாக்கடையில் ஊற்றினால் அதிலுள்ள ஈயம் மண்ணில் தங்கிவிடும்.